கையுறை

தை பிறந்ததும் எங்கள் கிளையில் புது நோட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். செங்கல்பட்டில் எத்தனை கல்யாண மண்டபங்கள் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு முகூர்த்த நாட்கள் பஞ்சாங்கம் பார்க்காமலே தெரிந்துவிடும். கசங்கிய ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி மடிப்பு விழாத தாள் கேட்பார்கள். கூடவே ஒரு ரூபாய் நாணயமும் கேட்பார்கள். நாணயத்தை வெளியே ஒட்டியே விற்கிற மொய்க் கவர்கள் கடையில் கிடைக்கிற இந்தக் காலத்திலும், அதை நம்பாமல் தன் கையால் ஒரு ரூபாயை உள்ளே போட வேண்டும் என்று நினைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஒரு ரூபாயைப் பற்றி உத்தியோக முறையில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். மற்ற நோட்டுகளை எல்லாம் ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. இன்ன தொகையைத் தருவேன் என்று கவர்னர் கையெழுத்திட்டு வாக்குக் கொடுக்கிறார். அதாவது ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒரு கடன் பத்திரம். ஒரு ரூபாய் அப்படியல்ல. 1994இல் அச்சிடுவது நின்று 2015இல் மறுபடி வெளிவந்த ஒரு ரூபாய் நோட்டை அரசாங்கம் வெளியிடுகிறது; அதில் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும், வாக்குறுதி இருக்காது. நாணயமும் அரசாங்கத்தினுடையதே. அது யாருக்கும் யாரும் பட்ட கடன் அல்ல; அது வெறுமனே பணம். மொய் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு செய்வதில்லை. முழுத் தொகை சைபரில் முடிந்தால் உறவும் அதோடு முடிந்துவிடும், ஒன்று கூட இருந்தால் தொடரும் என்பது அவர்கள் கணக்கு.

சமீபத்தில் ஒரு ரிசப்ஷனில் மேடைக்குப் பக்கத்தில் குவித்திருந்த பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். ஜிகினாத் தாள், ரிப்பன், அதன்மேல் செல்லோடேப், அதற்கும் மேல் கொடுத்தவர் பெயர். உள்ளே இருப்பது சுவர்க் கடிகாரமா, குத்துவிளக்கா, டம்ளர் செட்டா, யாருக்கும் தெரியாது. கொடுக்கிற பொருளை மூடிக் கொடுப்பது என்ற பழக்கம் நமக்கு எப்போது வந்தது என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. அதைத் தொடர்ந்து போனதில் கிடைத்தவற்றைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. முடிவில் என் சொந்த விஷயம் ஒன்றும் வரும். அதைச் சொல்லாமல் இதை எழுதுவது நாணயமாகாது.

*

வர்ணத் தாளின் சரித்திரம் சிறியது. 1917இல் அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்தில் ஹால் சகோதரர்களின் கடையில், கிறிஸ்துமஸ் சமயத்தில், பரிசு சுற்றுகிற மெல்லிய ஒற்றைநிறத் தாள் தீர்ந்துபோயிற்று. கடிதக் கவர்களுக்கு உள்ளே ஒட்டுவதற்காகப் பிரான்ஸிலிருந்து வந்திருந்த பூப்போட்ட தாளை எடுத்து வெளியே வைத்தார்கள். அதுவும் தீர்ந்துபோயிற்று. ஹால்மார்க் என்ற பெரிய வியாபாரத்தின் ஒரு கிளை இப்படி முளைத்தது. கவரின் உள்பக்கத்துக்கு என்று செய்த தாள் பரிசின் வெளிப்பக்கத்துக்கு வந்தது என்பது கவனிக்கத் தக்கது. ஜப்பானியர் துணியில் சுற்றுகிறார்கள். ஃபுரோஷிகி என்று பெயர். பொருளைக் கொடுத்துவிட்டுத் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவது அங்கே மரியாதைக் குறைவல்ல. துணி அடுத்த பரிசுக்குப் போய்விடும்.

நம் பழைய மொழியில் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற பொருளுக்குக் கையுறை என்று பெயர். இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொள்கிற ரப்பர் கையுறைதான் ஞாபகம் வரும். கொடுக்கிற பொருளைக் குறித்த சொல் கையை மூடுகிற பொருளுக்குப் போய்விட்டது. அகப்பாடல்களில் தலைவன் கொண்டுவருகிற கையுறை பெரும்பாலும் தழையும் பூவும்தான். தழை என்றால் அவள் இடுப்பில் உடுத்துகிற தழை. அதைக் கொண்டுவந்து தோழியிடம் நீட்டுகிறான். வாங்கிக்கொண்டால் ஒரு அர்த்தம், மறுத்தால் ஒரு அர்த்தம். குறுந்தொகையின் முதல் பாட்டே 'தோழி கையுறை மறுத்தது' என்ற துறையில் அமைந்தது. எங்கள் மலையில் இந்தக் காந்தள் நிறைய உண்டு என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். பூவைக் குறை சொல்லவில்லை. கொண்டுவந்தவனையும் குறை சொல்லவில்லை. எட்டுத்தொகையில் ஒரு தொகையின் வாசலில் மறுக்கப்பட்ட பரிசு ஒன்று கிடக்கிறது. வாங்குவதற்கு ஒரு இலக்கணம் இருப்பதைப்போல வாங்காமல் இருப்பதற்கும் ஒரு இலக்கணம் இருந்திருக்கிறது. இதைப் பின்னால் பார்க்கலாம்.

புறத்தில் விஷயம் வேறு. பெரும்பாணாற்றுப்படை இந்தப் பிரதேசத்துப் பாட்டு. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிகாட்டி அனுப்புகிறது. வழியில் வருகிற நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரம்தான் என்று சொல்வோர் உண்டு. அந்தப் பாட்டில் கொடை நடக்கிற ஒழுங்கைப் பாருங்கள். முதலில் பாணனும் சுற்றமும் உடுத்தியிருக்கிற கந்தலைக் களைந்து மெல்லிய புதுத்துணி உடுத்துகிறார்கள். பிறகு சாப்பாடு, அதுவும் அவனே அருகில் நின்று ஊட்டுவதைப் போன்ற சாப்பாடு. அதற்குப் பிறகுதான் பொற்றாமரையும் பொன்மாலையும் நாலு குதிரை பூட்டிய தேரும். துணி, சோறு, பொன் என்ற வரிசை. பொன் எதிலும் சுற்றப்படவில்லை. சுற்றப்பட்டவன் பாணன்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் மரபில் கொடுக்கிற பொருளை மூடவில்லை. வாங்குகிற ஆளை மூடினார்கள். பசியோடும் அழுக்கோடும் வந்தவன், பொன் வாங்குகிற நேரத்தில் பிச்சைக்காரனாகத் தெரியக் கூடாது என்பதற்காகத் துணி முதலில் வருகிறது. இதைவிட யோசனையோடு ஒரு பரிசைக் கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதே சமயம், கந்தலை மறைத்துவிட்டால் கந்தல் எப்படி வந்தது என்ற கேள்வியும் கூடவே மறைந்துவிடுகிறது. இரண்டும் அந்த ஒரே துணிக்குள் இருக்கின்றன.

இது நமக்கு மட்டும் சொந்தமான வழக்கமும் அல்ல. கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன், 720இல் சீனத்துக்குத் தூது அனுப்பினான். தாங் வம்சத்துக் குறிப்புகளில் இருக்கிறது. தென்னிந்திய அரசன் பேசத் தெரிந்த ஐவண்ணக் கிளி ஒன்றை அனுப்பினான். அராபியர்களையும் திபெத்தியர்களையும் எதிர்க்க யானைப்படை தருவதாகச் சொல்லி அந்தப் படைக்கு ஒரு பெயர் கேட்டான். தான் கட்டிய ஒரு கோயிலுக்கும் பெயர்ப்பலகை கேட்டான். சக்கரவர்த்தி சுவான்சோங் இரண்டுக்கும் பெயர் கொடுத்தான். பெயர் என்பது எடையே இல்லாத பரிசு. கப்பலில் இடம் அடைக்காது. தூதன் மனநிறைவோடு திரும்ப வேண்டும் என்று உத்தரவிட்டு, அவனுக்குச் சித்திரப் பட்டு அங்கி, பொன் அரைக்கச்சை, மீன் முத்திரைப் பை முதலியவற்றைக் கொடுத்தான். இளந்திரையன் பாணனுக்குச் செய்ததைத்தான் சுவான்சோங் பல்லவத் தூதனுக்குச் செய்தான். ஆனால் அந்த அங்கியும் கச்சையும் மீன் பையும் சீன ராஜாங்கத்தில் உத்தியோக அந்தஸ்தைக் காட்டுகிற உடுப்புகள். அவற்றை உடுத்திக்கொண்டவன், தெரிந்தோ தெரியாமலோ, அந்த வரிசையில் தனக்கு ஒதுக்கிய படியில் போய் நிற்கிறான். பல்லவன் அனுப்பியதைச் சமமானவனின் பரிசு என்று பல்லவன் நினைத்திருப்பான். சீனக் குறிப்பு அதைக் கப்பம் என்று எழுதிக்கொண்டது. பின்னால் முகலாய தர்பாரில் வந்த கில்லத்தும் இதே ஜாதி. சக்கரவர்த்தியின் துணி உன் தோளில் விழுந்தால் நீ அவனுடைய ஆள்.

நம் வீடுகளில் இந்தத் துணி இன்னும் இருக்கிறது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்றமாட்டார்கள். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார்கள். மிருதுவாக இருக்கும் என்பது காரணம். வாழ்ந்த உடம்பின் துணி என்பதும் காரணம். செத்தவருக்குப் போடுவது மட்டும் கோடி, அதாவது புதுத்துணி. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடி கொண்டுவருவார்கள். அதை ஜிகினாத் தாளில் சுற்றிக் கொண்டுவந்த ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. அந்தச் சந்தர்ப்பத்தில் பொருளை மூடுவதற்கு அர்த்தமில்லை என்பது எல்லோருக்கும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. துணி அவள் தோளில் விழுந்தாக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நமக்கு, அதாவது இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நூற்றுச் சொச்சம் பேருக்கு, இந்தத் துணியின் இன்றைய பெயர் பொன்னாடை. பொன்னும் இல்லை, ஆடையும் இல்லை. ஜரிகை மாதிரித் தெரிகிற நைலான். கூட்டம் முடிவதற்குள் தோளிலிருந்து நாற்காலி முதுகுக்குப் போய்விடும். பெரும்பாணாற்றுப்படையின் ஒழுங்கில் முதல் படி மட்டும் தங்கியிருக்கிறது. சோறும் பொன்னும் கழன்றுவிட்டன.

*

ஆளைச் சுற்றுவது ஒரு வகை என்றால், கொடையைச் சொல்லில் சுற்றுவது இன்னொரு வகை. பல்லவர் செப்பேடுகளைக் கட்டமைப்போடு செய்த பரிசுப் பொட்டலங்கள் என்று நான் பார்க்கிறேன். இரண்டாம் நந்திவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில் எழுதிய காசாக்குடிச் செப்பேடுகளில் பதினோரு ஏடுகள். துளையிட்டு வளையத்தில் கோத்து முத்திரை வைத்திருக்கிறது. ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில், அதாவது பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குள், கொடுகொள்ளி என்ற கிராமத்தை ஏகதீரமங்கலம் என்று பெயர் மாற்றி ஒரு பிராமணருக்குக் கொடுக்கிறான் அரசன்.

முதலில் சமஸ்கிருதம். கடவுளர் வணக்கம், வம்ச வரிசை, போர்கள், உவமைகள். தேர்ந்த கை எழுதியது என்பதில் சந்தேகமில்லை. இந்தக் கவிதை முழுக்க வந்து முடிந்த பிறகுதான் தமிழ் ஆரம்பமாகிறது. அங்கே கவிதை இல்லை. அரசன் திருமுகம் வந்தது, நாட்டார் கண்டு தொழுது தலையில் வைத்துக்கொண்டார்கள், எல்லையைச் சுற்றி நடந்தார்கள், கல்லும் கள்ளியும் நாட்டினார்கள், அறையோலை எழுதி அனுப்பினார்கள். கிழக்கே எது எல்லை, தெற்கே எது எல்லை; செக்கு, தறி, தரகு என்று எந்த எந்த வரி இனி அரசனுக்கு இல்லை. அலங்காரம் ஒரு மொழியிலும் பொருள் இன்னொரு மொழியிலும் இருக்கின்றன. ஜிகினாத் தாளைப் பிரித்தால் உள்ளே இருக்கிற சாமான்தான் இந்தத் தமிழ்ப் பகுதி. உருவமா உள்ளடக்கமா என்று நாம் வருஷக்கணக்கில் நடத்துகிற சண்டைக்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

அந்தத் தமிழில் இரண்டு சொற்கள்: குடி நீக்கி. குடியானவர்களின் வீட்டு நிலத்தை ஒதுக்கிவிட்டு என்று ஒரு சாரார் அர்த்தம் சொல்கிறார்கள். ஏற்கெனவே அனுபவித்து வந்த குடிகளை வெளியேற்றிவிட்டு என்று மற்றொரு சாரார். சோழர் காலத்தில் குடி நீங்கிய தேவதானம், குடி நீங்காத் தேவதானம் என்று இரண்டு தனி வகைகளே இருந்தன என்பதைப் பார்க்கும்போது குடிகளை நீக்குவது நடவாத காரியம் அல்ல என்று தெரிகிறது. கொடுத்தவன் பெயர் தெரியும். வாங்கியவர் பெயர், கோத்திரம் தெரியும். பாடியவன் பெயரும் தெரியும். நீக்கப்பட்ட குடி யார் என்று செப்பேட்டில் இல்லை. பரிசு எவ்வளவு அழகாகச் சுற்றப்பட்டிருக்கிறதோ அவ்வளவு கவனமாக அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். எனக்குச் செப்பேடு கற்றுக் கொடுத்தது இது.

இதே ஜில்லாவில் எதிர்த் திசையில் ஒரு கொடை முயற்சி நடந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாங்கம் உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம் என்று பின்னால் பெயர் வந்தது. முத்திரையும் பிரசஸ்தியும் இல்லை. ஆனால் சுற்று ஒன்று இருந்தது: பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் என்ற நிபந்தனை. பரிசைப் பாதுகாப்பதற்காகப் போட்ட உறை அது. உறை கிழிந்தது, நிலம் கைமாறியது. காரணைப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. ஆனால் இந்த ஊரில் கொடை என்ற சொல்லைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இந்தத் தேதியைச் சொல்லாமல் காசாக்குடியின் கவிதையை மட்டும் வியந்துவிட்டுப் போனால் நானும் ஒரு பிரசஸ்தி எழுதியவன் ஆவேன்.

*

இனித் தட்டுக்கு வருகிறேன். ஜிகினாத் தாளுக்கு முன்னால் நம் வீடுகளில் பரிசின் வாகனம் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள் குங்குமம், அதன்மேல் புடவை அல்லது பணம். பணத்தை வெறுங்கையில் கொடுக்காமல் வெற்றிலையின்மேல் வைத்துக் கொடுப்பது மரியாதை. தட்டுகள் ஒற்றைப் படையில் இருக்கும். தாய்மாமன் சீர் என்றால் மேளத்தோடு தெருவில் திறந்த தட்டுகளாக நடந்து வரும். பதினொன்றா இருபத்தொன்றா என்று திண்ணையிலிருந்தே எண்ணிவிடலாம். மூடாமல் வருவதுதான் அதன் பொருள். ஊர் பார்க்க வேண்டும்.

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதே சீர்தான். சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் மோதியும் தபசுப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் எல்லாம் சுற்றி வந்தார்கள். நாச்சியார்கோயில் அன்னவிளக்கும் நடனமாடும் சரஸ்வதியின் தஞ்சாவூர்ப் படமும், மறுநாள் கோவளத்தில் சிறுமுகை நெசவாளர் நெய்த, ஷியின் முகமே தெரிகிற பட்டும் கொடுக்கப்பட்டன. அங்கிருந்து மோதியின் முகம் தீட்டிய பீங்கான் தட்டு வந்தது. இரண்டு பக்கமும் பொருளில் வாங்குகிறவரின் முகத்தையே வைத்துக் கொடுத்தார்கள். எதையும் மூடவில்லை. காமிரா பார்க்க வேண்டும் அல்லவா. 720இல் சீனத்துப் பட்டு பல்லவத் தூதனின் உடம்பைச் சுற்றியது. 1299 வருஷம் கழித்துத் தமிழ்நாட்டுப் பட்டு சீன அதிபரின் முகத்தைத் தாங்கியது. எட்டே மாதத்தில் கல்வானில் எல்லையில் உயிர்கள் போயின. கல்லும் கள்ளியும் நாட்டாத எல்லை.

திறந்த தட்டைப் புகழ்ந்து வர்ணத் தாளை இகழ்ந்து இந்தக் கட்டுரையை முடிப்பது சுலபம். நம் சிற்றேடுகளில் பழமையைப் பற்றி எழுதுகிற பலரும் அங்கேதான் போய் முடிக்கிறார்கள். எனக்கு அது உண்மையாகப் படவில்லை. திறந்த தட்டின் கொடுமை, அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும். என் அக்கா கல்யாணத்தில் என் அப்பா தட்டுகளை நிரப்புவதற்கு அடியில் வைக்கோலை வைத்து மேலே பழம் அடுக்கினார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். மொய் எழுதும்போது தொகையை உரக்கப் படிக்கிற வழக்கம் இருந்த கல்யாணங்களில் பந்தியிலிருந்து எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். ஜிகினாத் தாள் இதற்கெல்லாம் ஒரு கருணை. அறுபது ரூபாய் டம்ளர் செட்டும் ஆறாயிரம் ரூபாய் வெள்ளி விளக்கும் அந்தக் குவியலில் மேடைக்குப் பக்கத்தில் சமமாகக் கிடக்கின்றன. கவரும் அப்படித்தான், ஒட்டிய கவர் வீட்டுக்குப் போன பிறகுதான் திறக்கும். இல்லாதவனுக்கு ஒரு மாலைப் பொழுதுக்காவது மானத்தைக் கொடுக்கிறது.

ஆனால் அதே கவர்தான் ஆபீஸ்களில் மேஜைக்கு அடியில் போகிறது. அதற்கும் அன்பளிப்பு என்றுதான் பெயர். மார்சல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கொடையைப் பற்றி எழுதியபோது, ஆங்கிலத்தில் பரிசைக் குறிக்கிற கிஃப்ட் என்ற சொல் ஜெர்மனில் விஷத்தைக் குறிப்பதைக் கவனித்தார். கொடுத்தது திரும்பி வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உலகம் முழுக்க இருக்கிறது என்றார். நம் தானதர்மத்தையும் அதில் ஆராய்ந்தார். மொய் நோட்டு வைத்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இது புதுச் செய்தி அல்ல. மூடுவதா திறப்பதா என்பது அல்ல கேள்வி. மூடினால் யாருடைய வெட்கத்தை மூடுகிறோம், கொடுப்பவனுடையதையா, வாங்குபவனுடையதையா?

மாமல்லபுரத்துத் தபசுப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்கிற எலும்பும் தோலுமான தவசியின் பக்கத்தில் சிவன் நிற்கிறார். தவசி அர்ஜுனன் என்றால் கொடுப்பது பாசுபதம். பகீரதன் என்றால் கங்கை. நூறு வருஷத்துக்கு மேலாக அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். கொடுக்கிற பொருள் என்னவென்று தீரவில்லை. ஆனால் கீழ் நோக்கி விரிந்த அந்த வரத ஹஸ்தத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. கீழே தெருவில் சிற்பக் கடைகளில் சின்ன மாவுக்கல் யானையைப் பழைய தினசரித் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். உடையாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சுற்றுவதற்கு அந்த ஒரு காரணம் போதும் என்று சில நாட்களில் எனக்குத் தோன்றுகிறது.

*

என் விஷயம் இது. கொளவாய் ஏரிப் பக்கம் குடியிருக்கிற ஒரு பெரியவர். எழுபதுகளில் எழுதியவர், பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ஆகவே சொல்லவில்லை. போன வருஷம் மாமல்லபுரத்தில் ஒரு கூட்டத்தில் அவருக்கு நாலு பொன்னாடைகள் போர்த்தினார்கள். நானும் கைதட்டினேன். ஒரு வாரம் கழித்துக் கவுண்ட்டரில் பாஸ்புக்கை நீட்டினார். மிஷினில் வைத்து அச்சடித்துக் கொடுத்தேன். அவர் கணக்கில் எவ்வளவு இருந்தது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாத விஷயம், உத்தியோகத்தால் தெரிந்துபோயிற்று.

இரண்டு நாள் யோசித்தேன். வங்கி மூலம் போட்டால் யார் போட்டது என்று தெரிந்துவிடும். கையில் கொடுத்தால் வாங்கமாட்டார். கடைசியில் அவர் தேடிக்கொண்டிருந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலை வாங்கி, ஐயாயிரத்தொரு ரூபாயைக் கவரில் போட்டு நடுப்பக்கத்தில் வைத்து, பழுப்புத் தாளில் சுற்றி நூல் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். பரிசைச் சுற்றுவதில் இவ்வளவு சிரத்தை நான் வேறெப்போதும் எடுத்துக்கொண்டதில்லை.

அவர் அறையில் அலமாரி கிடையாது. புத்தகங்கள் பரணில் மூட்டை மூட்டையாக இருந்தன. மழை ஒழுகும் என்பதற்காகப் பொன்னாடைகளில் கட்டி வைத்திருந்தார். நைலான், தண்ணீர் இறங்காது என்றார்.

நூலை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்தார். தாளை மடித்து வைத்தார். புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிரித்தபோது கவர் மடியில் விழுந்தது. திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"போன வாரம் பாஸ்புக் போட்டது நீங்கதானே, தம்பி?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

கவருக்குள் விரலை விட்டு நாணயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதியை என்னிடம் நீட்டினார். கோபம் இல்லை; எங்கள் மலையிலும் இந்தப் பூ உண்டு என்கிற குரல்தான்.

"இது இருக்கட்டும். கணக்கு முடிஞ்சிடக் கூடாதில்ல."

புத்தகத்தையும் பழுப்புத் தாளையும் நூலையும் வைத்துக்கொண்டார். நான் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையோடு நடந்து ஸ்டேஷனுக்கு வந்தேன். மறுநாள் கவுண்ட்டரில் ஒரு அம்மாள் ஐந்நூறு ரூபாயை நீட்டி, புதுத் தாளும் ஒரு ரூபாயும் கேட்டாள். கொடுத்தேன்.